கண்மாய்க்கு இங்கிலீஷில் என்ன?

கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, ஒருவர் பேசுவதை இன்னொரு மொழியில் சொல்வது என் பிழைப்பு. சொந்தப் பேச்சுக்கு அங்கே இடமில்லை. வாய்த்துடுக்குக்காரி சரண்யாதேவி என்று பழங்காநத்தம் முழுக்கப் பெயர் வாங்கிய எனக்கு இப்படி ஒரு வேலை அமைந்ததை நினைத்தால் என் அம்மாவுக்கு இன்னும் சிரிப்பு அடங்காது.

இந்த வருடம் பருவநிலை மாற்றம் பற்றிய தேசிய மாநாடு மதுரையில் நடந்தது. ரிங் ரோட்டில் ஒரு பெரிய ஹால். வெளியே ஆவணி வெயில் மண்டையைப் பிளந்தது. உள்ளே ஏசிக் குளிரில் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பூமி சூடாவதைப் பற்றிக் கவலைப்பட்டார்கள். நல்ல மனிதர்கள்தான், குறை சொல்ல மாட்டேன். ஒவ்வொரு வருடமும் மாநாடு நடக்கிற ஊரின் பக்கத்தில் ஒரே ஒரு கிராமத்தைப் பிடித்து, அது கேட்கிற வேலையைச் செய்து கொடுப்பார்கள். கடைசி நாள் மேடையில் அறிவிப்பார்கள்.

அன்று மேடையேறியவர் முத்துத்தாய். திருமங்கலத்துக்கு மேற்கே ஓர் ஊராட்சியின் தலைவர். ஸ்கூட்டியிலேயே வந்து இறங்கிய கையோடு மைக்கைப் பிடித்தார்.

"எங்க கண்மாய்க் கரை உடைஞ்சு ரெண்டு வருசமாச்சு. பேயாத மழை ஒரே நாள்ல பேஞ்சு உடைச்சிருச்சு. இப்ப வர்ற தண்ணி அம்புட்டும் ஓடிப்போயிருது. அனுமதியெல்லாம் வாங்கி வச்சிருக்கோம், அடைக்கத்தேன் வழியில்ல. வர்ற ஐப்பசிக்குள்ள அடைக்கலேன்னா மூணாவது வருசமும் தரிசு. சனம் திருப்பூருக்குப் பஸ் ஏறிரும். எங்க கண்மாயைத் திருப்பிக் குடுங்க."

நான் இங்கிலீஷில் சொன்னேன். வயலுக்குப் பாய்கிற ஏரியைத்தான் எங்கள் பக்கம் கண்மாய் என்போம். அதை டேங்க் என்றேன். அகராதியில் அப்படித்தான் இருக்கிறது, அரசாங்கக் காகிதத்திலும் அப்படித்தான். எங்கள் டேங்க் உடைந்துவிட்டது, தண்ணீர் நிற்கவில்லை என்றேன். குரலைக்கூடக் கொஞ்சம் தழுதழுக்க விட்டேன்.

மாநாட்டுத் தலைவர் வடக்கத்திக்காரர், இளகிய மனசு. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். இந்த வருட வேலை உங்கள் ஊருக்குத்தான் என்றார். ஹால் கைதட்டியது. அதோடு விட்டாரா? உணர்ச்சிவசப்பட்டு இந்திக்குத் தாவினார். பழைய டங்கி எதற்கு, வெயில் தாங்குகிற பிளாஸ்டிக்கில் பெரிய டங்கியாக, அடுத்த வாரமே கொண்டுவந்து வைக்கிறோம் என்றார்.

டங்கி! மொட்டைமாடியில் கறுப்பாக நிற்குமே, அது. பாவி, நான் சொன்ன ஒரு வார்த்தை ஒரு கண்மாயையே விழுங்கிவிட்டது.

"ஏத்தா, கூண்டுக்குள்ள இருக்க தாயி!" முத்துத்தாய் ஹெட்போனைத் தட்டினார். "என்ன சொல்றாரு? சத்தமே வரல!"

அதற்குள் மாநாட்டு ஏற்பாட்டாளர் சூரியபிரகாஷ் கூண்டுக் கதவைத் திறந்துகொண்டு வந்தார். "மேடம், தப்பாயிருச்சுன்னு தெரியுது. இப்ப நன்றின்னு மட்டும் சொல்லி முடிச்சு விடுங்க. சாப்பாட்டு நேரமாச்சு. அப்புறம் எல்லாரையும் மகாலைச் சுத்திப் பாக்கக் கூட்டிப்போக பஸ் நிக்குது. மெயில் போட்டுச் சரி பண்ணிக்கலாம்."

"உங்க மெயிலைப் படிக்கிறதுக்குள்ள மழை பேஞ்சு ஓடிரும்ணே" என்றேன். மைக்கை நான் அணைத்திருக்கவில்லை. வேண்டுமென்றேதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு நேராகச் சொன்னேன்: "அக்கா, மாடியில வைக்கிற பிளாஸ்டிக் டேங்க் தர்றாங்களாம். கண்மாயை நாந்தான் டேங்க்னு சொல்லிப்புட்டேன்."

"அடியாத்தி!" என்றார். திட்டுவார் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். அவர் தலைவர் பக்கம் திரும்பினார். "அதுல ஊத்த எவன் வீட்ல தண்ணி இருக்கு?"

சொன்னேன்.

"இவுக கண்மாயைப் பார்த்ததே இல்ல போலருக்கு. மகாலுக்குப் போற பஸ்ஸை எங்க ஊருக்குத் திருப்புங்க. பார்த்துட்டு இல்லைன்னு சொல்லட்டும், போயிர்றேன். அதுவரைக்கும் இந்த மேடையை விட்டு எறங்க மாட்டேன்." சொன்னவர் பக்கத்து நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

பஸ் திரும்பியது. திருமங்கலம் தாண்டி, தார்ச்சாலை விட்டு, புழுதி கிளப்பிக்கொண்டு போய் ஒரு பொட்டலில் நின்றது. பாளம் பாளமாக வெடித்த தரை, அங்கங்கே கருவேலப் புதர். தலைவர் குடையை விரித்துக்கொண்டு நாலு பக்கமும் பார்த்தார். எங்கும் கண்ணுக்கு எட்டின மட்டும் வெறும் மண்.

"டேங்க் எங்கே?" என்று கேட்டார்.

நான் தமிழில் கேட்டேன். முத்துத்தாய் கையைக்கூடத் தூக்கவில்லை. "அதுக்குள்ளதேன் நிக்கிறாரு."

இங்கிலீஷில் சொன்னதும் அந்த மனிதர் குனிந்து தன் காலடியைப் பார்த்தார். பிறகு தூரத்தில் கோடுபோலத் தெரிந்த கரையைப் பார்த்தார். அதில் லாரி நுழைகிற அளவுக்கு உடைப்பு. அதை நோக்கி நடக்க ஆரம்பித்தார். போய்க்கொண்டே இருந்தார். நாங்களும் பின்னாலேயே போனோம். உடைப்பை எட்டும்போது அவர் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. எனக்கு அவர்மேல் முதல்முறையாக மரியாதை வந்தது.

மூச்சு வாங்கிக்கொண்டே, இதை எங்கள் குழு கூடிப் பரிசீலித்து என்று தொடங்கினார். நான் அதைத் தமிழில் சொல்லி முடிக்கக்கூட இல்லை.

"பரிசீலிக்கிறது கிடக்கட்டும் ஐயா. என்னைக்கு மண்ணு வெட்ட வாரீக?" என்றார் முத்துத்தாய்.

சூரியபிரகாஷ் எனக்குக் கண் காட்டினார். கொஞ்சம் பதமாகச் சொல்லுங்கள் என்று அர்த்தம். பதமாவது ஒன்றாவது! அந்த அம்மாள் கேட்ட வேகத்திலேயே, ஒரு 'தயவுசெய்து'கூடச் சேர்க்காமல் கேட்டேன்.

தலைவர் உடைப்பை இன்னொரு தரம் பார்த்தார். குடையை மடக்கினார்.

"மண்டே" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் முத்துத்தாய் போனைக் காதில் வைத்துவிட்டார்.

"மாப்ள அழகுராஜா, திங்கக்கிழமை ஜேசிபியை வேற எவனுக்கும் விட்றாத."