கலங்கின படத்துக்கு என்ன விலை?

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையைத் தேடி நான் போகவில்லை. என் புத்தகத்துக்கு ஓர் அட்டைப்படம் தேடித்தான் போனேன். சிவகாசியில் பர்ஹத் என்ற பெண் நடத்தும் ஸ்டுடியோவில், மழையில் நனைந்த தார்ச்சாலைப் படம் ஒன்று மாட்டியிருந்தது. அதைக் கேட்டேன். படத்தைத் தருவதற்குப் பதில் அவள் கேள்விகளாகக் கேட்டாள். எத்தனை பிரதி? ஒரு பதிப்புக்கா, எல்லாப் பதிப்புக்குமா? விளம்பரத்திலும் வருமா?

"ஒரு படத்துக்கு இவ்வளவு விசாரணையா?" என்றேன்.

"படத்த நான் விக்கல சார், வாடகைக்கு விடுறேன். வீட்ட விடுறவுக எத்தன பேரு, எம்புட்டு நாளுன்னு கேக்க மாட்டாகளா?"

[அதன்பின் நடந்த பேரத்தில் நான் தோற்றேன். அதை எழுதினால் கதை நகைச்சுவையாகிவிடும். விட்டுவிடுகிறேன்.]

டீ வந்தது. "எம் பொளப்புல ஒரே ஒரு படத்துக்குத்தான் சார் விலை சொல்லத் தெரியல" என்றவள் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். அவளுடைய பயம் எனக்கு அங்கேயே தொற்றிக்கொண்டது.

2

இந்தக் கதையை முதலில் இப்படித் தொடங்கினேன்: "உலகமே வெடித்துக் கொண்டாடுவதை, மூச்சு விடாமல் செய்துகொடுக்கிற ஊர் இது." அடித்துவிட்டேன். மேடையில் கைதட்டு வாங்குகிற வாக்கியம். பயந்தவர்கள் அப்படிப் பேச மாட்டார்கள்.

அடுத்து: "பர்ஹத்தின் வாப்பா விருதுநகரில் பருப்பு மண்டி வைத்து" என்று போய்ப் பாதியில் நிறுத்தினேன். வாப்பாவுக்கு இந்தக் கதையில் வேலையே இல்லை.

நேராகவே வருகிறேன். பர்ஹத் பட்டாசுக் கம்பெனிகளுக்குப் படம் எடுப்பவள். பெட்டி மேல் சிரிக்கும் குழந்தை, டீலர்களுக்குப் போகும் காலண்டர் எல்லாம் அவள் கைவேலை. இந்த ஊரில் படத்தை ஒருதரம் கொடுத்தால் கொடுத்ததுதான். பத்து வருஷம் கழித்து அதே குழந்தை வேறு பெட்டியில் சிரிக்கும். பர்ஹத் அதற்கு ஒத்துக்கொள்வதில்லை. ஒரு பெட்டிக்கு, ஒரு சீசனுக்கு, ஒரு விலை. அடுத்த தீபாவளிக்கும் வேண்டுமென்றால் மறுபடி வந்து பேச வேண்டும். முதலாளிகள் அவளுக்கு 'வக்கீலம்மா' என்று பட்டம் வைத்திருக்கிறார்கள். அவளும் அதை ரசிக்கிறாள்.

3

விஸ்வநத்தம் பக்கம் ஃபாக்டரி வைத்திருக்கும் ஹரிபிரசாத் என்ற இளம் முதலாளி, காலண்டருக்குப் படம் எடுக்க அவளைக் கூப்பிட்டார். உள்ளே செல்போன் கூடாது, செருப்பு கூடாது, ஃபிளாஷ் கூடவே கூடாது.* வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் இருக்கும் மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் காலெடுத்து வைக்க வேண்டும்.

(* ஒரு பொறி போதும். 'பொறி' என்ற சொல்லைக்கூட அங்கே யாரும் சத்தமாகச் சொல்லிக் கேட்டதில்லை என்றாள்.)

சட்டப்படி ஓர் அறைக்கு நாலு பேருக்கு மேல் கூடாது; நாலே பெண்கள். புதுச்சேலை, சொல்லிவைத்த சிரிப்பு. வெளிச்சம் பற்றவில்லை. பர்ஹத் யாரையும் கேட்காமல் பின்கதவைத் திறந்துவிட்டு, ஷட்டரை மெதுவாக விட்டு எடுத்தாள். அதில் ஒரு படத்தில் பெண்கள் சிரிப்பை அடக்க முடியாமல் அசைந்துவிட, முகமெல்லாம் கலங்கிப்போயிற்று.

அவள் செய்த தப்பு அதுவல்ல. அன்றைக்கே, நல்லது கெட்டது பிரிக்காமல், எடுத்த அத்தனை படத்தையும் குறுக்கே தன் பெயரைப் போட்டு ஹரிபிரசாத்துக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். எடுத்ததை ஒளிக்கக் கூடாது, பொறுக்குகிற உரிமை வாடிக்கையாளருக்கு என்பது அவள் தொழில் தர்மம். அந்தத் தர்மமே வினையாயிற்று. சற்று நேரத்தில் போன் வந்தது.

"அக்கா, சாப்பிட்டீகளா? அந்தக் கலங்கின படம் இருக்குல்ல, அது வேணும்."

"அது கெட்டுப்போச்சு தம்பி. நல்லதா நெறைய இருக்கே."

"அதான் வேணும்."

"எந்தப் பெட்டிக்கு?"

"எந்தப் பெட்டிக்கும் இல்ல."

"எத்தன சீசனுக்கு?"

"எப்பவுமே எங்களுக்குத்தான்."

"எங்கன போடப்போறீக?"

"எங்கனயும் போடப்போறதில்லக்கா. உங்ககிட்டயும் இருக்கக் கூடாது. அழிச்சிட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. விலைய நீங்களே சொல்லுங்க, நான் பேரம் பேசல."

[எவ்வளவு கேட்கலாம் என்று நினைத்தாள் என நான் கேட்டேன். அவளுக்கே தெரியவில்லை. நானே ஒன்றை எழுதிப் பார்த்தேன். எதை எழுதினாலும் குறைவாகவே பட்டது.]

பேரம் பேசாத முதலாளியை பர்ஹத் அன்றுதான் பார்த்தாள். கம்ப்யூட்டரில் படத்தைப் பெரிதாக்கினாள். சிரித்தவர்கள் புகைமாதிரி கலைந்து தெரிந்தார்கள். மற்ற படங்களில் அவர்கள் மறைத்து நின்ற பின்கதவு, இதில் அவர்கள் அசைந்து விலகியதால் தெரிந்தது. அதற்கு வெளியே, ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்து வெடிமருந்து அடைக்கும் பெண்கள். கதவு திறந்த அதிர்ச்சியில் அப்படியே உறைந்து கேமராவைப் பார்க்கிறார்கள். அசையாததால் ஒவ்வொரு முகமும் தெளிவாக விழுந்திருந்தது. கொட்டகைக்கு ஒரே வாசல். அந்த வாசலையும் பாதி மறைத்து அட்டைப்பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள்.

4

ஹரிபிரசாத்தை வில்லனாக்குவது எனக்குச் சுலபம். கழுத்தில் சங்கிலி, உதட்டில் ஏளனச் சிரிப்பு என்று இரண்டு வரி போதும். ஆனால் பர்ஹத் ஒப்பவில்லை.

"நல்ல பையன் சார். ஆர்டர் கழுத்த நெரிக்குது, பயந்து கெடக்கான்" என்றாள்.

எனக்கு அதுதான் கூடுதல் பயம். பயந்தவன் கையில் பணமும் இருந்தால் அவன் எதை வேண்டுமானாலும் விலைக்குக் கேட்பான்.

அவளுக்கும் பயம் இரண்டு பக்கமும் இருந்தது. ஒரு முதலாளி முகம் சுளித்தால் மற்ற கம்பெனி வாசலும் சாத்திக்கொள்ளும். அது பிழைப்பு. இன்னொரு பக்கம், கொட்டகையின் முதல் வரிசையில் தெரிந்த ஒரு முகம். படம் எடுத்த அன்று அவளுக்குச் சொம்பில் தண்ணீர் மொண்டு கொடுத்த கற்பகம். மல்லாங்கிணற்றிலிருந்து கம்பெனி வேனில் வந்து போகிறவர்.

5

மறுநாள் சாயங்காலம், வேன் டீக்கு நிற்கும் ஆனைக்குட்டம் விலக்கு ரோட்டில் பர்ஹத் கற்பகத்தைத் தனியாகக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினாள். கற்பகம் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பரவால்ல, நல்லாத்தான் விளுந்திருக்கேன்."

"யக்கா, இத அதிகாரிககிட்ட குடுத்திரட்டுமா?"

"ஆத்தாடி! குடுத்திராதீக தாயி. சீல் வச்சுட்டுப் போயிருவாக. ஊர்ல மானாவாரிக் காடு, மழையக் காணோம். சீசன் முடியற மட்டும் நாங்க எங்கன போவோம்?"

"அப்ப அழிச்சிரட்டுமா? அந்தத் தம்பி அதத்தான் கேக்காக."

கற்பகம் சட்டென்று பர்ஹத்தின் மணிக்கட்டைப் பிடித்தார். வெள்ளி மருந்துத் தூள் அவள் கையிலும் ஒட்டியது.

"அழிக்கவும் கூடாது. அந்தக் கொட்டாய்ல இருக்க ஒருத்தி பேரும் கம்பெனிப் பதிவுல இல்ல. எங்க சித்தி மக வேற ஒரு எடத்துல வெடிச்சுச் செத்தா. அப்பிடி ஒரு ஆளே இங்கன வேல பாக்கலன்னுட்டாக. நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா, நான் அங்கன இருந்தேன்னு சொல்ல இந்தப் படத்த விட்டா என்ன இருக்கு?"

வேன் ஹாரன் அடித்தது. கற்பகம் ஓடிப்போய் ஏறிக்கொண்டார். அன்றிலிருந்து தூரத்தில் டமார் என்று ஏதாவது கேட்டால், சோதனை வெடியாகவே இருந்தாலும், பர்ஹத் போனை எடுத்துவிடுகிறாள். யாருக்குப் போன் பண்ணி யாரைக் கேட்பது என்று தெரியாமல் நிற்கிறாள்.

6

சில முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

பர்ஹத் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு ஒரு பிரதியை ஒளித்துவைக்கிறாள். எனக்குப் பிடித்திருந்தது. அவளிடம் சொன்னேன். "அழிச்சிட்டேன்னு பொய் எழுதிக் குடுத்தவ கையில இருக்க படத்த நாளைக்கு எவன் சார் நம்புவான்?" என்றாள்.

ஹரிபிரசாத் மனம் மாறிக் கொட்டகையை இடிக்கிறார். [எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மன்னியுங்கள்.]

ஒரு மத்தியானம், கொட்டகையில் யாரோ மருந்துத் தட்டை இழுத்தபோது

இல்லை. இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தைரியம் இல்லை.

7

பர்ஹத் இன்னும் ஹரிபிரசாத்துக்குப் பதில் சொல்லவில்லை. "எழுதிக்கோங்க சார், பேர மட்டும் மாத்திருங்க" என்றாள். மாற்றிவிட்டேன். ஊர்களையும் கொஞ்சம் இடம் மாற்றியிருக்கிறேன்.

நேற்று பதிப்பாளர் கூப்பிட்டார். எல்லாக் கதைக்கும் முன்னால் போடுவோமே, பாத்திரங்கள் யாவும் கற்பனை, யாரையும் குறிப்பன அல்ல என்று. அந்த வரியை மறக்காமல் போட்டுவிடுங்கள், நமக்குப் பாதுகாப்பு என்றார். சரி என்று உட்கார்ந்து பாதி எழுதினேன். கை நின்றுவிட்டது.

அப்படி ஒரு ஆளே இல்லை என்று கம்பெனி சொல்லப்போகிற அதே வாக்கியம் அல்லவா அது? கம்பெனிக்கு முன்னால் நானே சொல்லி, அச்சடித்தும் கொடுத்துவிட்டால்? போடாமல் விட்டாலோ, படித்தவர் யாராவது பொழுது சாய்வதற்குள் கற்பகத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள். மறுநாள் வேனில் அவருக்கு இடம் இருக்காது. எனக்குப் பயமாக இருக்கிறது. வேறு கௌரவமான சொல் எதுவும் கிடைக்கவில்லை.

அதனால் வரியைப் பாதியில் விடுகிறேன். முடிப்பதோ அடிப்பதோ இனி உங்கள் உரிமை. சீக்கிரம் செய்யுங்கள். கற்பகம் நாளைக்கும் வேலைக்குப் போகிறார்.

இக்கதையில் வரும் பாத்திரங்கள் யாவரும்