ராகிக்குத் தடவிய ஆயில்

வெதுவெதுப்பான நீரில் துணியை முக்கிப் பிழிந்து, ராகியின் முன்னங்காலை மடியில் ஏந்தி விரலிடுக்கு ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தாள் பத்மாவதி. மழை ஓய்ந்து புல்லும் பூண்டும் பூக்கிற காலம் வந்துவிட்டால், ஒவ்வொரு முறை வெளியே போய் வந்ததும் இந்த வேலை உண்டு. கால், வயிறு, அக்குள், கடைசியில் காது. ராகி கேழ்வரகு நிறத்தில் ஒரு பெண் நாய். லாப்ரடாரும் நாட்டு நாயும் கலந்த சாதி. துடைக்கிற நேரம் மட்டும் பாதத்தைக் கடிப்பதை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கும். இரண்டாவது காலை எடுத்தபோதுதான் முன்வீட்டிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. சரக், சரக் என்று சீப்பால் சொறிகிற சத்தம். பத்மாவதி துணியைப் பிடித்தபடியே காது கொடுத்துக் கேட்டாள். சந்தேகமே இல்லை, வெங்கடபதி பாவாதான். ஒரு வருடமாக இல்லாத நிறைவு அவளுக்கு உண்டானது. அடுத்த காலை இன்னும் நிதானமாகத் துடைத்தாள்.

துடியலூரில் ஒரே காம்பவுண்டுக்குள் முன்னும் பின்னுமாக இரண்டு வீடுகள். முன்வீட்டில், அவள் பாவா என்றழைக்கும் கணவனின் அண்ணன் வெங்கடபதி, அவர் மனைவி பங்காரம்மா. பின்வீட்டில் பத்மாவதியும் கணவன் சீனிவாசலுவும். வெங்கடபதி முப்பது வருடம் லேத் பட்டறை வைத்து மோட்டார் பம்புக்கு ஷாஃப்ட் கடைந்தவர். இரும்பு சொன்ன பேச்சைக் கேட்டதால் உலகத்தில் மற்றதெல்லாமும் கேட்கும் என்று நம்பிவிட்டவர். யாருக்கு என்ன நோவு என்றாலும் அவரிடம் ஒரு வைத்தியம் இருக்கும், கேட்காமலேயே கிடைக்கும்.

ராகிக்கு இந்த அரிப்பு தொடங்கி நான்கு வருடமாகிறது. ஐப்பசி பிறந்தால் வரும், தை பிறந்தால் போகும். முதல் வருடமே கால்நடை டாக்டர் ஃபர்சானா தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்துவிட்டு, இது சொறி இல்லை, யாருக்கும் ஒட்டாது, காற்றில் வருகிற பூந்தூள் சேராமல் வருகிற அலர்ஜி என்று சொல்லிவிட்டாள். வாரம் ஒரு தடவை மருந்து ஷாம்பு போட்டு, நுரையைப் பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவ வேண்டும். அரிப்பு மிஞ்சினால் மாத்திரை. "ஒரேயடியாப் போக்க முடியாதுங்க்கா, பார்த்துப் பார்த்துத்தான் வெச்சுக்கோணும். கண்ட கண்ட எண்ணெயை மட்டும் தடவிராதீங்க" என்றவள், ஒரு நோட்டுப் போடச் சொன்னாள். எந்த நாள் எந்தப் பக்கம் நடந்தது, அன்றைக்கு எவ்வளவு சொறிந்தது என்று எழுதிவர வேண்டும். பத்மாவதி வரி விடாமல் எழுதினாள். இரண்டாவது வருடக் கடைசியில் நோட்டைப் புரட்டியபோது விஷயம் பளிச்சென்று தெரிந்தது. காம்பவுண்டுக்குப் பக்கத்தில் இருக்கிற குடும்பத்துக் காலி மனையில் பார்த்தீனியம் மார்பளவு மண்டிக் கிடந்தது. அதற்குள் ராகி நுழைந்து வந்த நாளெல்லாம் தோல் நெருப்பாய்ச் சிவந்திருந்தது. அன்றிலிருந்து நடை எதிர்ப்பக்கம் மாறியது.

போன வருடம் ஐப்பசியில் அந்தியூரில் ஒரு கல்யாணம். மூன்று நாள் போக வேண்டியிருந்தது. ராகிக்குச் சோறும் மாத்திரையும் பார்த்துக்கொள்ளச் சொல்லிப் பங்காரம்மாவிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனாள். திரும்பி வந்து கேட்டைத் திறந்தபோது ராகி ஓடி வரவில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த ஷெட்டின் மூலையில் கன்னங்கரேலென்று ஒன்று சுருண்டு கிடந்தது. பட்டறையில் வடித்த பழைய ஆயிலில் கந்தகத்தைக் குழைத்து, மூக்கு நுனியிலிருந்து வால் வரை பெயிண்ட் பிரஷ்ஷால் பூசியிருந்தார் வெங்கடபதி. அது நக்கி நக்கி வாந்தி எடுத்து, எழுந்திருக்கத் தெம்பில்லாமல், அவளைப் பார்த்து வால் நுனியை மட்டும் தரையில் ஒருமுறை தட்டியது. எட்டு நாள் குளுக்கோஸ் ஏறியது. வயிற்றுத் தோல் தோசைக்கல்லில் தீய்ந்தது போல உரிந்து வந்தது.

பிழைத்துவிட்டது. பத்மாவதிக்குத் தாங்க முடியாமல் போனது அதற்குப் பிறகு நடந்ததுதான். தை வந்தது, பூக்காலம் முடிந்தது, வழக்கம்போல அரிப்பு நின்று புது முடி முளைத்தது. வெங்கடபதி வந்து ராகியின் முதுகைத் தட்டிப் பார்த்து, "பார்த்தியா அம்மணி, நம்ம ஆயில் என்ன வேலை செஞ்சுபோட்டுது" என்றார். சொந்தக்காரர்கள் வரும்போதெல்லாம் ராகியைக் கூப்பிட்டு நிறுத்திக் காட்டினார். மிச்சம் இருந்த ஆயிலை ஒரு பெயிண்ட் டப்பாவில் மூடி, யாருக்காவது ஆகும் என்று ஷெட்டில் பத்திரமாக வைத்தார். அண்ணன் நல்லதுக்குத்தானே செய்தார், விடு என்றான் சீனிவாசலு. தெரியாமல் செய்துவிட்டேன் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் எல்லாவற்றையும் விழுங்கியிருப்பாள். சொல்லவில்லை. அவள் அந்த டப்பாவை எறியவில்லை. ஷெட்டுக்குப் போகும்போதெல்லாம் அது இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

இந்த வருடம் பட்டறையை மகன் கையில் கொடுத்துவிட்டு, பொழுது போகாமல், காலி மனையில் காய்கறி போடுவதாகக் கிளம்பினார் வெங்கடபதி. பனியனோடு இறங்கி, பூத்து வெளுத்துக் கிடந்த பார்த்தீனியத்தை வெறுங்கையால் பிடுங்கி, கட்டுக் கட்டாகக் கழுத்தோடு அணைத்துத் தூக்கிப் போட்டார். பத்மாவதி சமையலறை ஜன்னலில் நின்று பார்த்தாள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அந்தச் செடி மனுசருக்கும் ஆகாது என்று சொல்ல வாய்வரை வந்தது. ராகியின் வயிறு ஞாபகம் வந்தது. வார்த்தையை விழுங்கிவிட்டு, ஒரு சொம்பு மோரைக் கலக்கி எடுத்துப்போய், "வெயிலா இருக்குது, மோரைக் குடிச்சுப்போட்டுச் செய்யுங்க பாவா" என்று கொடுத்தாள். மறுநாளும் கொடுத்தாள். ஒன்பது நாள் கொடுத்தாள். அப்படிச் செய்ததில் அவளுக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை.

பத்தாம் நாள் சீப்புச் சத்தம் கேட்டது. அடுத்த வாரத்தில் அவர் கழுத்தும் முழங்கை மடிப்பும் தடித்துச் சிவந்து நீர் கசிந்தன. இமை வீங்கி ஒரு கண் பாதிதான் திறந்தது. வேப்பிலை, பவுடர், மஞ்சள் என்று தானே பூசிக்கொண்டார். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்ன பங்காரம்மாவை ஒரே அதட்டில் உட்கார வைத்தார். பத்மாவதி தினமும் முன்வீட்டுக்குப் போய், எப்படி இருக்கிறது என்று மிகுந்த மரியாதையோடு விசாரித்துவிட்டு வந்தாள். நீர் கசிகிறது என்று கேட்ட அன்றைக்கு அவள் சோறு ருசித்துச் சாப்பிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் எல்லோரையும் வாசலுக்குக் கூப்பிட்டார். ஸ்டூலில் உட்கார்ந்து, புறங்கையால் கழுத்தைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்.

"இது நாய்கிட்ட இருந்து ஒட்டுன சொறி. மறுக்கா வந்திருக்குது அதுக்கு. நாளைக்குக் காத்தால பட்டறை வேன் வருது. கருமத்தம்பட்டி தாண்டி எறக்கி உட்டுப்போட்டு வரச் சொல்லீருக்கறேன். பாவந்தான். ஆனா மனுசன் முக்கியமில்லையா அம்மணி?"

ஒன்பது நாள் தன் வாயை மூடிக்கொண்டிருந்தது திரும்பி வந்து ராகியின் மேலேயே விழும் என்று பத்மாவதி நினைத்துப் பார்க்கவில்லை. சீனிவாசலு அண்ணனுக்கு எதிராகப் பேச மாட்டான், அது தெரிந்ததுதான். நோட்டைக் கொண்டுவந்து காட்டினால் போதும், சொறி இல்லை, செடிதான் என்று புரிந்துவிடும். ஆனால் தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி அடுத்த நிமிடமே வரும். அவள் உள்ளே போய் நோட்டை எடுத்தாள். திரும்பும் வழியில் ஷெட் இருந்தது. ஒரு நிமிடம் நின்றாள்.

வாசலுக்கு வந்தபோது நோட்டை அக்குளில் இடுக்கியிருந்தாள். ஒரு கையில் டப்பாவும் மறுகையில் அதே பிரஷ்ஷும் இருந்தன.

"ஏனுங்க பாவா, போன வருசம் ராகிக்கு எதுலங்க நல்லாச்சு?"

வெங்கடபதி டப்பாவைப் பார்த்தார். "ஆயில்லதான். அதுதான் ஊருக்கே தெரியுமே."

"அப்பறம் எதுக்குங்க அதைய அனுப்போணும்? அதே சொறிதானுங்களே உங்களுக்கும். நானே தடவி உட்டுப்போடறேனுங்க."

அவள் குரலில் ஒரு 'ங்க' கூடக் குறையவில்லை. மூடியைத் திறந்தாள். கந்தகமும் கருகலும் கலந்த வாடை வாசலெங்கும் ஏறியது. சீனிவாசலு அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான், அவள் திரும்பவில்லை. ஆயிலில் நல்லாகவில்லை, தானாகத்தான் நல்லாச்சு என்று அவர் சொன்னால் போதும். அல்லது எழுந்து உள்ளே போனால்கூடப் போதும். அதற்காகத்தான் ஒரு வருடமாக அந்த டப்பாவைக் காத்து வைத்திருந்தாள்.

அவர் எழவில்லை. எழுந்தது பங்காரம்மாதான். அவள் உள்ளே போய்ப் பழைய பேப்பர் ஒரு கட்டை எடுத்து வந்து, ஸ்டூலைச் சுற்றித் தரையில் ஒவ்வொன்றாக விரித்தாள். காற்றில் புரளாதபடி ஓரத்தில் அவருடைய செருப்பையே எடுத்து வைத்தாள். முப்பத்திரண்டு வருடமாக அவர் கை வைத்தியத்தையெல்லாம் முதலில் குடித்தவளும் பூசிக்கொண்டவளும் அவள்தான்.

"சட்டையைக் கழட்டிப்போடுங்க. கறை போகாது" என்றாள்.

வெங்கடபதி மனைவியை ஒருமுறை பார்த்தார், தம்பியைப் பார்த்தார். பிறகு, யாரும் எதிர்பார்க்காதபடி, முதல் பொத்தானை அவிழ்த்தார். இரண்டாவதையும் அவிழ்த்தார். வீங்கிய விரல்களுக்கு அது லேசில் வரவில்லை. சட்டையை மடித்துத் தொடைமேல் வைத்துக்கொண்டு, "தடவு அம்மணி" என்று சொல்லித் தலையைக் குனிந்தார்.

பத்மாவதி பிரஷ்ஷை முக்கி எடுத்தாள். முதல்முறையாக அந்தக் கழுத்தை இவ்வளவு பக்கத்தில் பார்த்தாள். தோல் விண்டு, செவ்வரி ஓடி, இடுக்கில் நீர் மினுங்கியது. ராகியின் வயிறு இப்படித்தான் இருந்தது. இதன்மேல் ஆயில் பட்டால் முதல் நாள் என்ன ஆகும், மூன்றாம் நாள் என்ன ஆகும் என்பது அந்த வாசலில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். கை நடுங்கவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

பின்வீட்டுப் பக்கமிருந்து வாலை ஆட்டிக்கொண்டு வந்த ராகி, வாடை மூக்கில் ஏறியதும் பாதியில் நின்றது. அப்படியே பின்னால் நகர்ந்து, வாசலோரம் நின்ற சீனிவாசலுவின் ஸ்கூட்டருக்கு அடியில் நுழைந்து, வயிற்றைத் தரையோடு ஒட்டிக்கொண்டு நடுங்கியது. அதன் கீழிருந்து மூத்திரம் கோடாக வழிந்து, விரித்திருந்த பேப்பரின் ஓரத்தை நனைத்தது. பிரஷ் நுனியில் ஒரு சொட்டு திரண்டு, நீண்டு, குனிந்த கழுத்துக்கு மேலே ஆடிக்கொண்டிருந்தது.