திட்டமும் ஏலக்காய்த் தட்டும்

...இந்தத் தட்டை யார் கொண்டுவந்து நடுவில் வைத்தது, ஊர்நல டிரஸ்டு கூட்டத்தில் ஏலக்காய்க்கு என்ன வேலை, ஆனால் தலைவர் லிங்கேஸ்வரன் ஏலக்காய்க் கடை மாடியில் கூடினால் சாம்பிள் காய் வரத்தான் செய்யும், ஆளுக்கு நாலு காயை எடுத்து உருட்டி, உரித்து, முகர்ந்து, பச்சை நிற்குமா வெளுக்குமா என்று ஆரம்பித்தால் அப்புறம் மூன்றாண்டுத் திட்டமாவது மண்ணாங்கட்டியாவது. செயலாளர் என்று பேர்தான், சூர்யகலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மலைத் தோட்டத்துக்குப் போகிற ஜீப்பில் அளவுக்கு மேல் ஆள் ஏற்றக் கூடாது, டிரஸ்டில் ஜீப்பு வைத்திருக்கிறவர்கள் முதலில் அதைச் செய்து காட்ட வேண்டும், திட்டத்தின் முதல் வேலையே அதுதான், கூட்டத்துக்குக் கூட்டம் தள்ளிப்போகிறது, அடுத்த வாரம் காயெடுப்புத் தொடங்கிவிட்டால் அப்புறம் யார் கேட்பார்கள்... திருப்பதி அண்ணன் ஆண்டுவிழா பிளெக்ஸில் யார் படம் பெரிசு என்கிறார், இவரை எப்படி நிறுத்துவது, எதிரே மகாராணி, போன வருசம் போடிமெட்டு வளைவில் ஜீப்பு கவிழ்ந்து இவள் தங்கச்சிக்கு ஒரு கால் போயிற்று, இன்றைக்கு எஸ்டேட் வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறாள், இவளுக்காவது முடித்துத் தர வேண்டாமா. காலையில் விஜயகுமார் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கேட்டானே, "நம்ம ஜீப்புக்கும் சேத்தா?" எல்லாருக்கும்தான் என்றாள், புருசன் சாப்பிடாமல் போய்விட்டான். போகட்டுமே, பசித்தால் வருவான்.

"அக்கா, ஜீப்பு சோலி என்னாச்சு?" மகாராணி கேட்டேவிட்டாள். இதைத்தானே சூர்யகலா எதிர்பார்த்தாள், லிங்கேஸ்வரன்கூடக் காயைக் கீழே வைத்துவிட்டு, "சொல்லும்மா" என்றார், எல்லாரும் அவளையே பார்த்தார்கள், ஆள் குறைந்தால் டிரிப்பு கூடும், டீசல் கூடும், சாப்பிடாமல் போன அந்த முகம்... "டீ வந்துரட்டும், குடிச்சுட்டுப் பேசுவமே." யார் சொன்னது, அவள் குரல்தான். திருப்பதி அண்ணன் மறுபடி பிளெக்ஸுக்குப் போனார். மகாராணி எழுந்துகொண்டாள். "வெரசா போகணும்க்கா, ராசிங்காபுரத்துக்கு இதான் கடேசி ஜீப்பு. வர்றேன்." ஜன்னலுக்குக் கீழே மலையிலிருந்து இறங்கி வந்து நின்ற ஜீப்பு ஹாரன் அடித்தது, பின்னால் தொங்கிக்கொண்டு வந்தவர்கள் நகர்ந்து மகாராணிக்கு ஒரு கால் வைக்க இடம் கொடுத்தார்கள், யாருடைய ஜீப்பு என்று பார்க்க வேண்டியதில்லை, அந்த ஹாரன் தினமும் சூர்யகலா வீட்டு வாசலில் கேட்பது. கூப்பிட்டு நிறுத்தலாம், இப்போதே கூப்பிடலாம்... "காய் எப்படிம்மா இருக்கு?" என்றார் லிங்கேஸ்வரன். குனிந்து பார்த்தாள், அவள் உள்ளங்கையில் உரித்த ஏலக்காய், எப்போது எடுத்தாள்? "நல்ல பச்சைண்ணே" என்றாள்.