மூன்றாவது தட்டு

சனிக்கிழமை காலை எட்டு மணி அடித்தால் அந்த வீட்டு சோபாவுக்கு உட்கார வைக்கும் யோகம் கிடையாது, நிற்கிற யோகம்தான். அதைச் செங்குத்தாக நிமிர்த்திப் படுக்கையறைச் சுவரில் சாய்த்து, டீப்பாயைப் பால்கனிக்குத் தள்ளி, பல்லும் பல்லுமாகக் கோத்துக்கொள்ளும் ரப்பர் பாய்களை விரித்தால் மூன்றாம் மாடி முன்னறை களமாகிவிடும். களத்தில் நான்கு பெண்கள். பஸ் ஓட்டும் அக்கா, பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர், வீட்டுக்காரி, வீட்டுக்காரியின் நாத்தனார்.

வீட்டுக்காரியை அக்காவும் டீச்சரும் ‘மாஸ்டர்’ என்று கூப்பிடுவார்கள். வாரம் முழுக்க மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவள். மாஸ்டர் பட்டம் திறமையால் வந்ததல்ல. வீடு அவளுடையது, பாய் அவளுடையது, பாடம் ஓடும் செல்போனும் அவளுடையது. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை.

பிரேசில் நாட்டு ஜியு-ஜிட்சு என்றதும் அக்கம்பக்கத்தார் நினைத்த மாதிரி அது அடிதடி இல்லை. குத்து கிடையாது, உதை கிடையாது. கட்டிப் புரண்டு, எதிராளியின் கையையோ கழுத்தையோ நகர முடியாதபடி பூட்டுப் போடுவது. பூட்டில் மாட்டியவள், தோற்றேன் என்பதற்கு அடையாளமாகக் கையால் தட்ட வேண்டும். தட்டினால் அந்த நொடியே விட வேண்டும். வேறு எதுவும் தெரியாவிட்டாலும் இது தெரிந்தால் போதும், மறுநாள் எல்லோரும் முழுசாக வேலைக்குப் போகலாம். பெரிய பயிற்சிக்கூடங்களில் தரையிலும் தட்டுவார்களாம். இங்கே தரையில் தொம்மென்று சத்தம் கேட்டால் கீழ்வீட்டுக்காரர் படியேறி வந்துவிடுவார். அதனால் பூட்டுப் போட்டவளின் உடம்பில்தான் தட்டுவது என்று வைத்துக்கொண்டார்கள்.

நாத்தனாரை வீட்டில் சின்னவள் என்பார்கள். கணவனின் ஒரே தங்கை. ஒரு பேக்கரியில் கேக்கின் மேல் கிரீமால் பெயர் எழுதும் வேலை. எழுத்து அச்சில் வார்த்த மாதிரி வரும். பேச்சு வராது. வரும், ஆனால் திக்கித் திக்கி வரும். ‘ப’வில் நிற்கும், ‘த’வில் நிற்கும், ‘வ’வில் முட்டி நிற்கும். அவள் முதல் எழுத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போதே கேட்பவர்கள் மீதியைச் சொல்லி முடித்துவிடுவார்கள். பெற்றவளும் அப்படித்தான், அண்ணனும் அப்படித்தான். உதவி செய்கிறோம் என்றுதான் நினைப்பு.

கல்யாணமாகி வந்த முதல் வாரத்தில் மாஸ்டர் மட்டும் அதைச் செய்யவில்லை. சின்னவள் ‘உப்பு எங்கே’ என்று கேட்டு முடிக்கும்வரை கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்றாள். பெரிய தியாகமொன்றும் இல்லை. புதுப்பெண், எதற்கும் அவசரப்பட பயம். ஆனால் சின்னவள் அன்றிலிருந்து அண்ணியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டவள்தான். சனிக்கிழமைக் கூட்டத்துக்கும் அண்ணி கூப்பிட்டாள் என்றுதான் வந்தாள்.

வந்த இடத்தில் எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டாள். வாய் தராததையெல்லாம் உடம்பு தந்தது. வீடியோவில் ஒருமுறை பார்த்தால் போதும், மறுமுறை அவள் செய்து காட்டுவாள், பேசாமல், கையைப் பிடித்து வைக்க வேண்டிய இடத்தில் வைத்து. ஆறு மாதத்தில் மாஸ்டரால் அவளை ஒருமுறைகூடத் தட்ட வைக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டுதான் தோற்றாள். சிரிப்பு உதட்டோடு சரி.

அந்தச் சனிக்கிழமை பஸ் அக்கா விளையாட்டாக ஒன்று சொன்னாள்.

“மாஸ்டர், நாங்க உன் நாத்தனார்கிட்ட கத்துக்கறோம். நீ பேசாம டீ போடு.”

கணக்கு டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தாள். சின்னவளும் சிரித்தாள். மாஸ்டரும் சிரித்துவிட்டுப் பாயில் போய் உட்கார்ந்தாள். காது மடல் மட்டும் சுட்டது.

எதிரில் சின்னவள். ஐந்து நிமிட ஆட்டம். மூன்றாவது நிமிடம் சின்னவளுக்குக் கால் சறுக்கியது. பாய் வேர்வையில் நனைந்திருந்தது, அவ்வளவுதான். அவள் வலது கை வெளியே நீண்டது. மாஸ்டர் பாய்ந்து பிடித்தாள். ஒரு காலை மார்பின் மேலும் ஒரு காலை முகத்துக்குக் குறுக்கேயும் போட்டு, கையைத் தொடைகளுக்கு நடுவே இழுத்துக்கொண்டு மல்லாந்தாள். இனி இடுப்பைத் தூக்கினால் முழங்கை மறுபக்கம் வளையும். தூக்கினாள்.

சின்னவளின் இடது கை மாஸ்டரின் கெண்டைக்காலில் தட்டியது. ஒன்று. இரண்டு.

மாஸ்டருக்குத் தெரிந்தது. நன்றாகவே தெரிந்தது. ஆறு மாதமாகக் காத்திருந்த தட்டு எப்படித் தெரியாமல் போகும்? விட வேண்டும் என்றும் தெரிந்தது. ஆனால் உள்ளே ஒரு அற்ப ஆசை எழுந்து உட்கார்ந்தது. அக்கா பார்க்கட்டும். டீச்சர் பார்க்கட்டும். இன்னும் ஒன்று, மூன்றாவது தட்டும் தட்டட்டும்.

மூன்றாவது தட்டு வரவில்லை. முழங்கைக்குள் ஈரக் குச்சி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது.

கையை விட்டு எழுந்த மாஸ்டரின் வாயிலிருந்து முதலில் வந்த வார்த்தை ‘ஐயோ’ இல்லை.

“தட்டவே இல்லையே! எனக்குப் படவே இல்லையே!”

டீச்சர் ஓடி வந்தாள். “தட்டினியா இல்லையா? என்னம்மா ஆச்சு?”

சின்னவள் கையை மார்போடு அணைத்துக்கொண்டு, முகம் வெளுத்து, டீச்சரைப் பார்த்தாள். வாய் திறந்தது. “த… த… தட்…”

“தட்டலையா?” என்றாள் மாஸ்டர். “தட்டலன்னு சொல்றா. பாவம், மறந்துட்டா.”

சின்னவளின் வாய் அப்படியே நின்றது. பிறகு மெல்ல மூடியது. வலி அதற்கப்புறம்தான் வந்தது போல, கண்ணில் தண்ணீர் கட்டியது. தட்டினேன் என்பதற்கும் தட்டல என்பதற்கும் ஆரம்பம் ஒன்றுதான். நடுவில் புகுந்து முடித்துவைக்க ஒரு ஆள் இருந்தால் போதும், எது வேண்டுமானாலும் ஆகும்.

ஆஸ்பத்திரியில் எலும்புக்கு ஒன்றுமில்லை, மூட்டு நார் கிழிந்திருக்கிறது, ஆறு வாரம் கையைக் கழுத்தில் மாட்டிய துணித் தொட்டிலில் போட்டு வையுங்கள் என்றார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்த அண்ணன், மனைவியை ஒரு வார்த்தை சொல்லவில்லை. தங்கையைத்தான் பிடித்துக்கொண்டான்.

“தட்டறதுக்கு என்ன கேடு உனக்கு? வீம்பா? அண்ணி பாவம், பயந்தே போயிட்டா!”

சின்னவள் தட்டில் இருந்ததை இடது கையால் அளைந்துகொண்டிருந்தாள். மாஸ்டர் அடுப்படியில் கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். முடிகிறதே, அதுதான் கொடுமை. கேட்பவர்கள் நல்லவர்களாக இருந்தால் தோட்டத்தையே மறைக்கலாம்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். இவள் நெஞ்சுக்கோ தினமும் காலையில் ஒரு வேலையும் வாய்த்தது. சின்னவளுக்குத் தலை வாரிவிட வேண்டும், சட்டைப் பொத்தான் போட்டுவிட வேண்டும். பொத்தான் போடும்போது இரண்டு முகமும் ஒரு சாண் தூரத்தில் இருக்கும். மாஸ்டர் பொத்தானையே பார்ப்பாள். “வலிக்குதாம்மா?” என்பாள். சின்னவள் இல்லையென்று தலையசைப்பாள். பேக்கரியில் அவளை அட்டைப்பெட்டி மடிக்க உட்கார வைத்திருந்தார்கள், ஒற்றைக் கையால். கேக்குகளில் பெயர் எழுதுவது முதலாளியின் தம்பி. அவன் எழுத்து நண்டு ஊர்ந்த மாதிரி இருக்கிறது என்று மருந்துக்கடைக்கு வந்த ஒருத்தர் சொன்னார். மாஸ்டர் அவருக்குத் தலைவலி மாத்திரைக்குப் பதில் வயிற்று மாத்திரையை எடுத்து நீட்டினாள்.

அடுத்த சனிக்கிழமை கணக்கு டீச்சர் ஒரு சட்டத்தோடு வந்தாள். டீச்சர்களுக்கு ஒரு தப்பு நடந்தால் உடனே சட்டம் போட வேண்டும்.

“இனிமே கையால தட்டினா மட்டும் போதாது. வாயாலயும் ‘விடு’ன்னு சத்தமா சொல்லணும். மாஸ்டர் மேல தப்பில்ல, தட்டினாக்கூடத் தெரியாம போகலாம். சத்தம் தெரியாம போகாது.”

“கீழ்வீட்டுக்காரர்?” என்றாள் பஸ் அக்கா.

“கேட்டுட்டுப் போகட்டும். அவருக்கும் பொழுதுபோகும்.”

சொல்லிப் பழகினார்கள். விடு! விடு! அறை முழுக்க அதே பேச்சு. தொட்டிலில் கையைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்த சின்னவளைப் பார்த்து டீச்சர், “நீயும் சொல்லிப் பாரும்மா, கை சரியானதும் நீயும் சொல்லணும்ல” என்றாள். கெட்ட எண்ணம் துளியும் இல்லை.

“வி…” என்றாள் சின்னவள். “வி… வி…” கழுத்து நரம்பு புடைத்தது. முழங்கை ஒடிய எவ்வளவு நேரமாகும் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். டீச்சர் பதறிப்போய், “பரவால்ல, பரவால்ல, உனக்கு மட்டும் இந்தச் சட்டம் வேணாம்” என்றாள்.

சின்னவள் எழுந்து தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பேசாமல் இருக்கலாம் என்பதற்காகவே அவளுக்குப் பிடித்துப்போன ஒரே இடம் அந்தப் பாய்தான். அங்கேயும் இப்போது வாய் வேண்டுமாம். அந்தச் சட்டத்துக்குத் தாய் யார் என்று பாயில் உட்கார்ந்திருந்த ஒருத்திக்குத்தான் தெரியும்.

மறுநாள் காலை தலை வாரும்போது சின்னவள் கண்ணாடியைப் பார்த்து, “நா… நான் இனிமே வ… வரல அண்ணி” என்றாள்.

மாஸ்டரின் சீப்பு நின்றது. இனி தோற்கடிக்க ஆளில்லை. சந்தோஷப்பட ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று உள்ளே தேடிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை.

“நீ தட்டினது எனக்குத் தெரியும்” என்றாள்.

சின்னவள் திரும்பவில்லை.

“ரெண்டு தட்டு. தெரிஞ்சேதான் பிடிச்சிருந்தேன். அப்புறம் பொய் சொன்னேன்.”

“தெ… தெரியும். உங்க கா… கால்லதானே த… தட்டினேன்.”

“அப்ப ஏம்மா சொல்லல? உங்க அண்ணன் அவ்வளவு திட்டினப்பகூட?”

சின்னவள் இந்த முறை திரும்பி அவளை நேராகப் பார்த்தாள். “நீ… நீங்கதான் சொ… சொல்லி முடிச்சிட்டீங்களே.”

அதற்கு மேல் மாஸ்டரால் பின்ன முடியவில்லை. சின்னவள் அன்று பாதிப் பின்னலோடுதான் வேலைக்குப் போனாள். அவள் வெளியே போகும்போது மாஸ்டர் கட்டிலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். யாரும் வந்து அழாதே என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால்தான் அநியாயம்.

அன்று இரவே கணவனிடம் சொன்னாள். அவன் நம்ப முடியாமல் அவளையே பார்த்தான். பிறகு தங்கையின் அறை வாசலில் போய் நின்று, என்ன சொல்வதென்று தெரியாமல் திரும்பி வந்தான். சனிக்கிழமை பாயை விரித்து முடித்ததும் மற்ற இருவரிடமும் நின்றபடியே சொன்னாள்.

பஸ் அக்கா சுற்றி வளைக்கவில்லை. “எத்தனை தடவை தட்டினா?”

“ரெண்டு.”

“நீ எத்தனைக்குக் காத்துட்டிருந்தே?”

“மூணு.”

“பிரேக்ல காலை வெச்சு ஒரு நொடி யோசிச்சேன்னா எத்தனை பேர் போவாங்கன்னு தெரியுமாடி உனக்கு?” அக்கா குரலை உயர்த்தவில்லை. “தோத்தா அழு, சண்டை போடு, கூட்டத்தைக் கலைச்சுட்டுப் போ. தட்டினா விடு. அது ஒண்ணுதானே நமக்குள்ள இருக்கு.”

டீச்சர் சுவரில் தானே எழுதி ஒட்டியிருந்த ‘விடு’ சட்டத்தைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டாள். போகும்போது செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு, படியிறங்கிப் பாதியில் திரும்பி வந்து மாற்றிக்கொண்டு போனாள். சிரிக்க வேண்டிய இடம். யாரும் சிரிக்கவில்லை.

கூட்டம் கலையவில்லை. டீச்சர் ஒரு வாரம் விட்டு வந்தாள். ஆனால் மாஸ்டருக்குக் கை கொடுக்க ஆளில்லை. அக்காவும் டீச்சரும் புரள்வார்கள், இவள் ஓரமாக நின்று நேரம் பார்ப்பாள், முடிந்ததும் பாயைத் துடைப்பாள். யாரும் போகச் சொல்லவில்லை. அவளும் போகவில்லை. மாஸ்டர் என்று கூப்பிடுவது மட்டும் நின்றுவிட்டது.

ஏழாவது வாரம் சின்னவள் தொட்டிலைக் கழற்றிவிட்டுப் பாய்க்கு வந்தாள். டாக்டர் சரி என்று சொல்லிவிட்டாராம். அக்கா நகர்ந்து இடம் கொடுத்தாள். சின்னவள் அக்காவைத் தாண்டி, டீச்சரைத் தாண்டி, கடிகாரத்துக்குக் கீழே நின்றவள் முன் வந்து உட்கார்ந்தாள். வலது கையை நீட்டினாள்.

“வேண்டாம்மா” என்றாள் அண்ணி.

கை நீண்டபடியே இருந்தது.

அண்ணி உட்கார்ந்தாள். அந்தக் கையைப் பிடித்தாள். அதே பூட்டு. காலைக் குறுக்கே போட்டு மல்லாந்தாள். முழங்கை எங்கே இருக்கிறது என்று அவள் தொடைக்குத் தெரிந்தது. இடுப்பை ஒரு விரற்கடை தூக்கினாள். அவ்வளவுதான், சின்னவள் தட்டும் முன்பே, கை தீயில் பட்டது போல விட்டுவிட்டு எழுந்து உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

சின்னவள் எழுந்து உட்கார்ந்தாள். கண்ணில் கோபம் இருந்தது. இத்தனை வாரமாக ஒரு தடவைகூட வராத கோபம்.

“நா… நான்…” நின்றது. அக்கா மூச்சை அடக்கிக்கொண்டாள். டீச்சரின் உதடு துடித்து, தானே மூடிக்கொண்டது. “நான் வி… வி… விடச் சொன்னேனா?”

அண்ணி முகத்திலிருந்து கையை எடுத்தாள். சின்னவள் மறுபடியும் மல்லாந்து படுத்துக் கையை நீட்டினாள். அண்ணி இல்லையென்று தலையாட்டிப் பார்த்தாள், கை மடங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு பிடித்தாள்.