கட்சி சேராத பின்னல்

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் நிறத்துக்கெல்லாம் கட்சி இருந்தது. சிவப்புச் சேலை கட்டிக்கொண்டு வரப்பில் நடந்தால், ‘என்ன, சங்கத்துல சேந்தாச்சா?’ என்பார்கள். கறுப்பும் சிவப்புமாக ரிப்பன் வைத்துப் பின்னிக்கொண்டால் அப்பா சந்தோஷப்படுவார், அம்மா வழிச் சொந்தங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இந்த லட்சணத்தில் வருங்கால மாமியாருக்கு ஒரு சால்வை பின்னப் போகிறேன் என்று நான் கிளம்பினேன். எழுபத்து மூன்று ஐப்பசி. எனக்குப் பத்தொன்பது வயது. வாய் மட்டும் நாற்பது வயதுக்காரிக்கு உள்ளது.

மாப்பிள்ளை அசலில்லை. அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணன் வைரக்கண்ணு மாமாவின் மகன் செல்லத்துரை, எனக்கு முறைப் பையன். குன்னூரில் ஒரு தேயிலைக் கம்பெனியில் குமாஸ்தா. தீபாவளிக்கு வந்திருந்தவர் நீடாமங்கலம் ஸ்டேஷனில் என்னைப் பார்த்தபோது, அழகாக இருக்கிறாய் என்றெல்லாம் சொல்லவில்லை. “அம்மாவ அங்க கூட்டிட்டுப் போவணும்னு ஆசை. ஆனா அதுக்குக் குளிர் ஆவாது,” என்றார். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. வீட்டுக்கு வந்து யோசித்தபோது, இந்த ஆளை விடக்கூடாது என்று தோன்றிவிட்டது.

விடாமல் பிடிப்பது அவ்வளவு சுலபமில்லை. என் அப்பா இராஜாங்கத்துக்கு மூன்று வேலி நிலம், கட்சி உதயசூரியன். வைரக்கண்ணு மாமா கோயில் நிலத்தில் குத்தகை சாகுபடி, கட்சி கதிர் அரிவாள், குத்தகை விவசாயிகள் சங்கத்துக்குச் செயலாளர் வேறு. போன அறுவடையில் அப்பா தன் குத்தகைதாரர் வீரையனை நிலத்தை விட்டு இறக்கப் பார்த்தார். மாமா ஆட்களோடு வந்து அந்த வயலில் கொடி நட்டுவிட்டார். அப்பா தாலுகா ஆபீசில் வழக்குப் போட்டார். மச்சான் என்று வாய் நிறையக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள், ‘அந்த ஆளு’ என்று பேச ஆரம்பித்தார்கள். அம்மா சோற்றில் கை வைக்காமல் முரண்டு பிடித்துத்தான் இந்தச் சம்பந்தத்துக்கு அப்பாவைச் சம்மதிக்க வைத்தாள். அறுப்பு முடிந்து மாசியில் நிச்சயம். நடுவில் ஒரு வார்த்தை தடித்தாலும் கல்யாணம் போச்சு. எனக்கோ அவர்தான் வேண்டும்.

பின்னலில் எனக்குக் கூட்டாளி சைத்தூன் பீவி. அடுத்த தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்த லியாகத் அலியின் மனைவி. என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவள். பினாங்கில் பிறந்து வளர்ந்தவள் என்பதால் கொக்கி ஊசியை அவள் கையிலிருந்து பிடுங்க முடியாது. தனக்குத் தெரிந்த பூக்களையெல்லாம் கையகலத் துண்டுகளாகப் பின்னி ஒரு பழைய போர்வையில் வரிசையாகத் தைத்து வைத்திருந்தாள். அதைப் பாய்மேல் விரித்துப்போட்டு, “எடுத்துக்க, கல்யாணப் பொண்ணு,” என்றாள்.

நிறம் அங்கேயே முடிந்தது. வெள்ளை சுமங்கலிக்கு ஆகாது. கறுப்பு நிச்சயத்துக்கு ஆகாது. சிவப்பு எடுத்தால் அப்பா வாசலோடு அனுப்பிவிடுவார். கடைசியில் கத்திரிப்பூ நிறத்துக்கு நாட்டில் இன்னும் கொடி இல்லை என்று கண்டுபிடித்தோம். பூ எடுப்பதில்தான் வினை.

முதலில் எனக்குப் பிடித்தது இலைப் பின்னல். ஒரு காம்பில் ரெண்டு ரெண்டாக இலை விரியும். துண்டைக் கையில் எடுத்ததும் சைத்தூன் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“இதப் போட்டா ஒங்க சித்தப்பா ஊர்வலமே விட்டுருவாருடி!”

என் சித்தப்பா நாகநாதன் அப்போதுதான் அப்பாவின் கட்சியை உதறிவிட்டு இரட்டை இலைக்குப் போயிருந்தார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு அண்ணனும் தம்பியும் சாப்பாட்டு இலையில் மட்டும்தான் சந்தித்துக்கொண்டார்கள். இலைத் துண்டைக் கீழே வைத்தேன்.

அடுத்தது விசிறிப் பின்னல். அடியில் அரைவட்டம், மேலே கதிர் கதிராகக் கம்பி விரியும். பார்த்த மாத்திரத்தில் உதயசூரியன். அதற்கடுத்து நெற்கதிர், பொடிப்பொடியாக மணி தொங்கும். அவ்வளவு அழகு. ஆனால் ஒரு அரிவாள்தான் குறைச்சல்.

“நட்சத்திரம் போடட்டாக்கா?”

“போடு. கூடவே ஒரு பிறையும் போட்டுரு. எங்க அத்தா சந்தோசப்படுவாரு.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆத்திரத்தில் வரும் அழுகை. ஒரு பொம்பளை முதுகில் போட்டுக்கொள்ளும் கம்பளிக்கு ஊரிலுள்ள சின்னத்தையெல்லாம் விலக்கி வைக்க வேண்டியிருக்கிறதே என்று போர்வையைச் சுருட்டி எறிந்தேன். அக்கா அதை எடுத்து மடித்தாள். “பூவே வேணாம். வெறும் கண்ணி போடு. வலைக்கு யாரு கட்சி கட்டுவா?” என்றாள். அதுவே முடிவாயிற்று. சதுரம் சதுரமாகக் கண்ணி, உள்ளே ஒன்றும் கிடையாது. அம்மா பார்த்துவிட்டு, “நாகப்பட்டினத்துல மீன் புடிக்கவா போறாங்க ஒன் அத்தை?” என்று கேட்டாள். கேட்டுவிட்டுப் போகட்டும் என்று பின்னினேன். கார்த்திகை மழையில் வாய்க்கால் நிரம்பிக் கிடந்தது, மார்கழியில் கதிர் பழுத்தது, நான் பின்னிக்கொண்டே இருந்தேன். இப்போது நினைத்தாலும் அந்தக் கம்பளி நூல் விரலில் உரசுவது தெரிகிறது. அவ்வளவு ஆசையாக அதற்கப்புறம் நான் எதையும் பின்னியதில்லை.

மாசியில் நிச்சயத்துக்கு வந்தார்கள். களத்தில் வைக்கோல் போர் போட்டு முடிந்திருந்தது. கூடத்தில் ஒரு பக்கம் அப்பாவும் சித்தப்பாவும், எதிர்ப்பக்கம் மாமா. செல்லத்துரை தூணை ஒட்டி உட்கார்ந்திருந்தார். வள்ளியம்மை அத்தை பெண்களோடு பின்னால். நாலு பேர் நடுவில் அத்தை வாய் திறந்து யாரும் பார்த்ததில்லை. கூட்டத்துக்குக் கஞ்சி காய்ச்சுவதும், மாமா ஜெயிலுக்குப் போனால் மாற்று வேட்டி கொண்டுபோய்க் கொடுப்பதும்தான் அவளுக்கு அரசியல்.

தட்டு மாற்றுவதற்கு முன்னால், “அத்தைக்குக் கையால பின்னிருக்கா,” என்று அம்மா பெருமையாகச் சொன்னாள். நான் சால்வையை எடுத்து எல்லோரும் பார்க்கும்படி விரித்தேன்.

எங்கே சறுக்கினேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. கண்ணிப் பின்னலை அப்படியே விட்டால் ஓரம் இழுத்துக்கொண்டு போகும். அதற்காக விளிம்பில் அரைவட்டம் அரைவட்டமாக ஒரு சுற்றுப் போடுவது வழக்கம். கை தன்பாட்டுக்குப் போட்டுவிட்டது. உள்ளே ஒரு சின்னமும் வராமல் காவல் காத்தவள், ஓரத்தில் வரிசையாகச் சூரியனை உதிக்க விட்டிருந்தேன்.

அப்பாவுக்குப் பல்லெல்லாம் தெரிந்தது. “பாத்தியா மச்சான்? எம் பொண்ணு கையோட சூரியனக் கொண்டாருது ஒன் வீட்டுக்கு!”

விளையாட்டாகத்தான் சொன்னார். பல மாதம் கழித்து மச்சான் என்று வேறு கூப்பிட்டுவிட்டார். ஆனால் மாமாவின் முகம் கறுத்துவிட்டது.

“எம் பொண்டாட்டி தோள்ல ஒன் கட்சிச் சின்னமா? திட்டம் போட்டுத்தான் கூப்ட்டியா?”

“நல்லாப் பாருங்க, அது சூரியன் மாதிரி இல்ல. எல மாதிரி இருக்கு,” என்றார் சித்தப்பா. அவரை யார் கேட்டார்கள்?

அவ்வளவுதான். சால்வையிலிருந்து பேச்சு வீரையன் நிலத்துக்குத் தாவியது. ‘கொடி நட்டவன்தானே நீ’ என்றார் அப்பா. ‘குடியானவன் வயித்துல அடிச்சவன்தானே நீ’ என்றார் மாமா. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். வெற்றிலைத் தட்டு வைத்த இடத்திலேயே இருந்தது. செல்லத்துரை, “அப்பா, உக்காருங்க,” என்றது யார் காதிலும் விழவில்லை. என் கையிலிருந்த சால்வை நழுவிக் கீழே விழுந்தது. எல்லாம் போயிற்று, என் கையாலேயே கெடுத்துக்கொண்டேன்.

அத்தை எழுந்து வந்தாள். கீழே கிடந்ததை எடுத்து உதறினாள். நிதானமாக இரண்டு தோளையும் மூடிப் போர்த்திக்கொண்டாள். மாசி வெயிலில், வேர்த்துக்கொண்டு.

“இது எந் தோள்ல கெடக்கப் போறது,” என்றாள். “ஒங்க கொடிக்கம்பத்துல இல்ல.”

மாமா நின்ற இடத்திலேயே நின்றார்.

“இவ்ளோ நாளா ஒருத்தரும் எனக்கு என்ன புடிக்கும்னு கேக்கல. இப்ப மட்டும் என்ன சண்டை?” விளிம்பை விரலால் தடவினாள். “நான் பாத்தப்ப இது அலை மாதிரி தெரிஞ்சுது. வாய்க்கால்ல காத்தடிச்சா வருமே, அது.” பிறகு என்னைப் பார்த்தாள். “ஏண்டி ஜெயா, ஒனக்கு வாத்து போடத் தெரியுமா?”

எனக்குப் புரியவில்லை. “வாத்தா அத்தை?”

“வாத்துதான். நாலஞ்சு போடேன், அலைக்கு மேல. நான் சின்னப் புள்ளையில, அறுப்பு முடிஞ்சா தாளடியில மேய மந்தையா வரும். அதுங்களுக்கு யாரு வயலுன்னெல்லாம் தெரியாது. இங்க மேயும், வரப்பேறி அங்கயும் மேயும். அத வேடிக்கை பாக்கறதுதான் எனக்குப் புடிக்கும்.”

முதலில் சிரித்தது அம்மா. அப்புறம் செல்லத்துரை. சித்தப்பா, “வாத்துச் சின்னத்துல யாரும் நிக்கல,” என்று ஆராய்ச்சி செய்து அறிவித்தார். மாமா மனைவியைக் கொஞ்ச நேரம் புது ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். அப்பா தட்டை முன்னால் நகர்த்தினார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல்தான் மாற்றிக்கொண்டார்கள். ஆனாலும் மாற்றிக்கொண்டார்கள்.

கல்யாணத்துக்குள் கீழ் வரிசைக் கண்ணிகளை அடைத்து அடைத்து வாத்துகளை இறக்கினேன். சைத்தூன் அக்கா பார்த்துவிட்டு, ஒன்று கொக்கு மாதிரி இருக்கிறது, இன்னொன்று என் சித்தப்பா மாதிரி இருக்கிறது என்றாள். அத்தை குன்னூரில் எங்களோடு வந்து தங்கும்போதெல்லாம் அதைத் தோளை விட்டு எடுத்ததே இல்லை. தேயிலைக் கொழுந்து கிள்ளும் பெண்களிடம் காட்டி, “இது எங்க ஊரு வாத்து, என் மருமவ மேய்க்கிறா,” என்பாள். மேகம் இறங்கி வீட்டுக்குள் வரும் அந்த மாலைகளில், அடுப்புக்கு முன்னால் கத்திரிப்பூ நிறத்தைப் போர்த்திக்கொண்டு அவள் உட்கார்ந்திருப்பாள். என்னைப் பெற்றவளிடம் சொல்லாததை எல்லாம் அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

ஊரில் வீரையன் அதே வயலில் உழுதுகொண்டிருந்தார், வழக்கும் தன்பாட்டுக்கு நடந்தது. கடைசியில் ஒரு வெள்ளத்து வருஷம் அப்பாவே அலுத்துப்போய் அவருக்கே கிரயம் செய்து கொடுத்தார். அதற்கும் அப்பாவும் மாமாவும் தேர்தலுக்குத் தேர்தல் பேச்சை நிறுத்திக்கொள்வதற்கும் சம்பந்தமில்லை. அது நின்றபாடில்லை.

அத்தை ஊரில்தான் இறந்தாள், ஒரு தை மாதம். பக்கத்து வயல்களில் அறுப்பு நடந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் ஆம்பளைகள் போனால் கட்சிக்காரர்கள் வந்து கொடி போர்த்துவார்கள். அத்தைக்கு எந்தக் கொடியும் இல்லை. செல்லத்துரை உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து சால்வையை எடுத்துவந்தார். அதை வைத்துக்கொள்ள எனக்கு ஆசை இருந்தது, அத்தை வாசனை அதில் அப்படியே இருந்தது. கேட்க வாய் வரவில்லை. இரண்டு பேருமாகப் போர்த்திவிட்டோம்.

அப்பா தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். மாலையைப் போட்டுவிட்டு, குனிந்து விளிம்பைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார். கால்மாட்டில் மாமா உட்கார்ந்திருந்தார். கடைசியாக நடந்த தேர்தலுக்கு அப்புறம் இருவரும் பேசியிருக்கவில்லை.

“மச்சான்,” என்றார் அப்பா. “இது அலைதாய்யா.”

மாமா தலையை நிமிர்த்தவில்லை.

“அவ அன்னைக்கே சொன்னா,” என்றார்.