மூன்றாவது டெண்டர்

நாலு மாதமாக வாரத்துக்கு ஒரு நாள்தான் சூளை எரிந்தது. விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் மின்பெட்டியில் மாட்டும் ஃபியூஸ் கட்டை செய்கிற சின்னப் பட்டறை சக்கரபாணியுடையது. பன்னிரண்டு பெண்கள் அங்கே வேலை பார்த்தார்கள். இத்தனை வருஷம் பெரிய கம்பெனிகளுக்குக் கூலிக்குச் செய்து கொடுத்தவர், முதல்முறையாகத் தன் பெயரிலேயே அரசாங்க டெண்டர் போட்டிருந்தார். அவருடைய விலைதான் குறைவு என்று செய்தியும் வந்துவிட்டது. ஆர்டர் வந்தால் ஒரு வருஷத்துக்குச் சூளை அணையாது, ஒருத்தரையும் நிறுத்த வேண்டியதில்லை என்று அந்தப் பெண்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

அன்று காலைத் தபாலில் வந்தது ஆர்டர் இல்லை. மூன்று வருஷத்துக்கு எந்த அரசு டெண்டரிலும் அவர் கலந்துகொள்ளக் கூடாது என்ற உத்தரவு. படித்ததும் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் கடலூர் பஸ் ஏறினார்.

அலுவலகத்தில் பூர்ணிமா என்ற அதிகாரி பொறுமையாகவே பேசினார். விளக்கம் கேட்டு இரண்டு முறை மெயில் அனுப்பியும் பதில் இல்லை என்றார். சக்கரபாணிக்கு மெயில் எப்படித் தெரியும்? அந்த முகவரி, டெண்டரை ஏற்றிக் கொடுக்கிற கம்ப்யூட்டர் சென்டர்காரனுடையது. கடிதத்தில் சொல்லியிருந்தது, போன வருஷம் பள்ளிக்கூடங்களுக்கு வாஷ்பேசின் வாங்கப் போட்ட டெண்டர். போட்டியிட்டது மூன்று பேர். மூன்றும் ஒரே கம்ப்யூட்டரிலிருந்து பதினோரு நிமிஷத்துக்குள் ஏற்றப்பட்டிருந்தன. மூன்றாவது பெயர் சக்கரபாணியுடையது.

அவருக்கு ஞாபகம் வந்தது. பக்கத்துப் பட்டறை ராஜ்மோகன் டீ குடிக்கும்போது கேட்டது அது. மூன்று பேர் போட்டால்தான் எடுபடும், உங்கள் பெயரில் விலையைக் கொஞ்சம் ஏற்றிப் போட்டுக்கொள்கிறேன் என்றார். இவரும் தலையாட்டினார். தொழிற்பேட்டையில் அது வழக்கம், இன்றைக்கு உனக்கு, நாளைக்கு எனக்கு. ஒரு டீக்குக் காசு கொடுக்க யோசிக்கிறவர்கள்கூடப் பெயரை மட்டும் தாராளமாகக் கொடுப்பார்கள். கையெழுத்துப் போடவும் போக வேண்டாம். எல்லா முதலாளிகளின் டிஜிட்டல் கையெழுத்தும், பென் டிரைவ் போல ஒன்று, பாஸ்வேர்டு எழுதிய சீட்டோடு கம்ப்யூட்டர் சென்டர் மேஜை டிராயரிலேயே கிடக்கும்.

"நான் ஒத்த ரூபா வாங்கலீங்கம்மா," என்றார் சக்கரபாணி.

"தெரியும் சார். ஆனா யார்கூடவும் பேசி வச்சு விலை போடலன்னு உறுதிமொழி குடுத்திருக்கீங்க. பேருக்குப் போட்ட நீங்க ரெண்டு பேரும் இல்லன்னா ஒரே ஒரு டெண்டர்தான் வந்திருக்கும், அத ரத்து பண்ணிட்டு மறுபடி கூப்பிட்டிருப்போம். மூணு இருந்ததால போட்டி இருக்குன்னு நம்பிட்டோம்."

இது எப்படி வெளியே வந்தது என்று கேட்டார் சக்கரபாணி. பூர்ணிமா ஒரு போட்டோவைத் தள்ளி வைத்தார். கருவேப்பிலங்குறிச்சிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில், சுவரில் பாதியாய் உடைந்து தொங்கும் வாஷ்பேசின். அந்த டெண்டரை எடுத்த ராஜ்மோகன் எங்கிருந்தோ வாங்கிக் கொடுத்த மட்டச் சரக்கு. கை கழுவப் போன ஆறாம் வகுப்புப் பெண்ணின் வலது கை நரம்பு அறுந்து, பெற்றவர்கள் புகார் கொடுத்து, அதிலிருந்து விசாரணை.

சக்கரபாணி போட்டோவைக் கையில் எடுத்தார். அந்தப் பெண்ணை அவருக்குத் தெரியும். அவர் பட்டறையில் பிசிறு தேய்க்கிற வளர்மதியின் மகள் கயல்விழி. தையல் போட்ட அன்று ஆப்பிள் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனவர் அவர்தான். எந்தப் பாவி கொடுத்தானோ, அவன் விளங்கவே மாட்டான் என்று வயிறெரியச் சபித்ததும் அவர்தான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். அவர் விஷயத்தில் இரண்டும் ஒரே இடத்தில்தான் இருந்திருக்கின்றன, அவருக்குத்தான் தெரியவில்லை.

திரும்பும்போது, அதே உத்தரவு வந்திருந்த ராஜ்மோகன் போன் செய்தார். பட்டறைப் பெண்களிடம் ஆபீசில் ஏதோ கோளாறு என்று சொல்லிவிடுங்கள், யாருக்குத் தெரியப்போகிறது என்றார். உண்மைதான், யாருக்கும் தெரியாது. பஸ் ஊருக்குள் நுழையும்வரை சக்கரபாணி அந்தப் பொய்யை மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். இறங்கியதும் நேராகக் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போய்த் தன் டிஜிட்டல் கையெழுத்தைக் கேட்டு வாங்கினார். டிராயரில் இன்னும் இருபது கையெழுத்துகள் கிடந்தன.

பட்டறையில் பெண்கள் கிளம்பாமல் காத்திருந்தார்கள். வளர்மதிதான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். சொம்பை வாங்கியவர் குடிக்கவில்லை. ஆர்டர் போய்விட்டது என்றும், ஏன் போனது என்றும், அந்த வாஷ்பேசின் டெண்டரில் தன் பெயரும் இருந்தது என்றும் ஒன்றுவிடாமல் எல்லார் முன்னாலும் சொன்னார். சொல்லும்போது அழுதார்.

வளர்மதி சத்தம் போடவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"பாப்பா இப்ப எடது கையாலதான் எழுதுது மொதலாளி," என்றாள். "அவுரு லாபத்துக்குச் செஞ்சாரு. நீங்க எதுக்குங்க செஞ்சீங்க?"

"கேட்டாரேன்னு செஞ்சேம்மா. எல்லாரும் செய்யறதுதான... இவ்ளோ தூரம் வரும்னு தெரியாமப் போச்சு."

"தெரியாம இல்லீங்க. எதுக்குன்னு ஒரு வார்த்த நீங்க கேக்கல."

பெண்கள் ஒவ்வொருவராகத் சாப்பாட்டுத் தூக்குவாளியை எடுத்தார்கள். நாளைக்கு வரட்டுமா என்று யாரும் கேட்கவில்லை. வளர்மதி செருப்பை மாட்டிக்கொண்டு, வாசலில் நின்று திரும்பினாள்.

"பேரு நம்மளுதுங்க. அத இன்னொருத்தர் பொய்க்குக் குடுத்துட்டா, அவுரு செய்யறதெல்லாம் நாமளே செஞ்சதுதாங்க."