கொளஞ்சியப்பன் ஸ்டாப்பிங்

சின்னசேலத்தில் பஸ் ஏறியதிலிருந்து அம்சவள்ளிக்கு இருப்புக் கொள்ளவில்லை. மடியில் மருந்து பாட்டில். வீட்டில் மகள் அமிர்தம் காய்ச்சலில் அனத்திக்கொண்டிருந்தாள். அவளைப் பக்கத்து வீட்டுக் குஞ்சம்மாளிடம் விட்டுவிட்டு ஓடி வந்திருந்தாள். பஸ்ஸோ வழியில் வந்த மாட்டுவண்டிக்கெல்லாம் மரியாதை கொடுத்து ஊர்ந்தது. அதைவிடப் பெரிய இம்சை ஒன்று தொண்டையில் நின்றது. எங்கே இறங்க வேண்டும் என்று கண்டக்டரிடம் சொல்ல வேண்டுமே!

முன்பெல்லாம் அது புளியமரத்து ஸ்டாப்பிங். எழுபத்தொண்ணு பாகிஸ்தான் சண்டையில் அவள் புருஷன் செத்தான். அடுத்த வருஷம் ரோட்டை அகலப்படுத்த மரத்தை வெட்டினார்கள். அந்த இடத்தில் ஊர்க்காரர்கள் மஞ்சள் தகரப் பலகை நட்டு, அவன் பேரை எழுதி, மாலை போட்டு, அவளையும் பிள்ளையையும் பக்கத்தில் நிறுத்திக் கைதட்டினார்கள். மரியாதைதான், யார் இல்லை என்றது? ஆனால் அன்றிலிருந்து பஸ் நிற்கும்போதெல்லாம் கண்டக்டர், "கொளஞ்சியப்பன் எறங்கு!" என்று கத்துகிறான். முதல் தடவை அதைக் கேட்டபோது, பின்சீட்டிலிருந்து அவன் எழுந்து வரப்போகிறான் என்று திரும்பிப் பார்த்துத் தொலைத்தாள்.

புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று அம்மா சொல்லி வளர்ந்தவள். கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பேர் அவள் வாயில் வந்ததில்லை. "இன்னாங்க" என்றே காலம் தள்ளினாள். சாமிக்கும் அதே பேர் என்பதால், மணவாளநல்லூர் சாமி என்றுதான் கும்பிடுவாள். தந்தி வந்த அன்று மாரில் அடித்துக்கொண்டு அழுதபோதுகூட "என் ராசா" என்றாளே தவிர பேர் வரவில்லை. அப்படிக் காத்த வாய்க்கு என்ன கிடைத்தது? மண்ணாங்கட்டி. ஆனாலும் சொல்ல மனசு வரவில்லை. சொல்லிவிட்டால், இனிமேல் காப்பாற்ற ஒன்றுமில்லை என்று அவளே கைநாட்டு வைத்ததாகிவிடும்.

வழக்கமாகக் கூட இறங்குகிறவர்கள் பேரைச் சொல்வார்கள். "எனக்கும் அங்கதாங்க" என்று இவள் ஒட்டிக்கொள்வாள். இன்று பஸ்ஸில் ஊர்க்காரர் ஒருத்தரும் இல்லை. கண்டக்டரும் புதுசு. ஸ்டாப்பிங்கைத் தாண்டியிருக்கும் வடக்கனந்தலுக்கே டிக்கெட் எடுத்துவிட்டு, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்திருந்தாள்.

அந்த அப்புறம் வந்துவிட்டது. கல்வராயன் மலைப்பக்கம் மழை கறுத்துக்கொண்டு வந்தது. அவள் எழுந்து கம்பியைப் பிடித்தாள்.

"நான் முன்னாலயே எறங்கணுங்க."

"வடக்கனந்தல்னுதான வாங்கின? எந்த ஸ்டாப்பு?" என்றான் கண்டக்டர்.

"புளியமரத்து ஸ்டாப்புங்க."

"வழி பூரா புளியமரந்தான். எந்த மரம்?"

"மரம் இப்ப இல்லீங்க. வெட்டிட்டாங்க. போர்டு வெச்சிருக்காங்க."

"இல்லாத மரத்துல எப்படிம்மா எறங்குவ?" என்றார் வெற்றிலைக் கூடையோடு இருந்தவர். நாலு பேர் சிரித்தார்கள்.

"எறங்குற எடம் தெரியாமலே ஏறிக்கினு வந்துடுறாங்க" என்று முனகியபடி கண்டக்டர் முன்பக்கம் நகர்ந்தான்.

ஜன்னலில் மஞ்சளாகப் பலகை வந்தது. வந்த வேகத்தில் பின்னால் போனது. வடக்கனந்தலில் இறங்கி, இந்த மழையில் திரும்பி நடந்து வருவதற்குள் பிள்ளைக்கு என்ன ஆகுமோ! அம்சவள்ளி கம்பியைப் படபடவென்று தட்டினாள்.

"நிறுத்துங்க! கொளஞ்சியப்பன்! கொளஞ்சியப்பன்!"

அது தன் குரல்தானா என்று அவளுக்கே தெரியவில்லை. கண்டக்டர் விசில் ஊதினான். பஸ் முக்கி முனகி நின்றது.

"இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்றான் கண்டக்டர்.

அவள் இறங்கினாள். பஸ் போன பிறகு, பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு வந்த வழியே ஓடினாள். வீட்டுக்குப் போகும் வண்டிப்பாதை பலகைக்குப் பக்கத்தில்தான் பிரிகிறது. இந்தப் பக்கமிருந்து பார்த்தால் எழுத்தில்லாத வெறும் தகரம். கம்பத்தில் காய்ந்த மாலையின் நார் மட்டும் தொங்கியது. கிட்டே வந்ததும் கால் தானாக நின்றது.

"இன்னாங்க," என்றாள் மூச்சிரைக்க. "கோச்சிக்காதீங்க. பாப்பாவுக்கு ஒடம்பு சரியில்ல."

தகரத்தின் மேல் மழை சடசடவென்று விழ ஆரம்பித்தது. முந்தானையால் பாட்டிலை மூடிக்கொண்டு அவள் ஓடினாள்.